வீடியோ காலில் சிரிக்கிறேன், வைத்ததும் அழுகை வருகிறது

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் 25 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊர். அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். தங்கை கல்லூரியில் கடைசி வருடம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து 18 லட்சம் ரூபாய் கல்விக் கடன். அது போதாமல் சித்தியின் நகையும் அடகில் இருக்கிறது. சாக்சனி மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் பிரிவு, இப்போது மூன்றாவது செமஸ்டர். முதல் வருடம் ப்ளாக்டு அக்கவுண்டிலிருந்து, அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதம் ஒரு தொகை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கிலிருந்து, மாதாமாதம் பணம் வந்தது. இரண்டாம் வருடச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாக அப்பாவிடம் சொல்லிவிட்டார். அதனால் செப்டம்பரிலிருந்து வாரத்தில் நான்கு நாள், மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை ஒரு பார்சல் கிடங்கில் வேலை. அறைக்கு வந்து தூங்க மூன்று மணியாகிறது. எழுந்திருக்கும்போது மதியம். கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடுகிறது.

கன்ட்ரோல் இன்ஜினியரிங் பேப்பரில் இரண்டு முறை தோல்வி. பிப்ரவரியில் மூன்றாவது முறை எழுத வேண்டும். வீட்டில் எல்லாப் பேப்பரும் பாஸ் என்று சொல்லி வைத்திருக்கிறார். தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பத்து நிமிடம் வீடியோ கால். சிரித்துப் பேசுகிறார். வைத்ததும் அழுகை வருகிறது. இரண்டு மாதமாகச் சாப்பாட்டில் ருசி இல்லை, கிரிக்கெட் ஸ்கோர்கூடப் பார்க்கத் தோன்றவில்லை, புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தை நான்கு தடவை படிக்கிறார். நிம்மதிக்காக ஒரு தியான ஆப், காலையில் மந்திரம், அசைவத்தை விட்டது என்று பலதும் செய்து பார்த்துவிட்டார். ஜனவரியில் பத்து நாள் மௌன விபாசனா முகாமுக்குப் போகலாமா என்று யோசிக்கிறார்.

கேட்டிருப்பது மூன்று கேள்விகள். மனநிம்மதிக்கு என்ன வழி? மனநல மருத்துவரைப் பார்த்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவது கோழைத்தனமா?

தம்பி, மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். “சில ராத்திரி தூங்கி அப்படியே எழுந்திருக்காமல் போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. பயப்படாதீர்கள், தப்பான முடிவெல்லாம் எடுக்க மாட்டேன்.” அந்த இடத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

அந்தக் கடைசி வரி

எழுந்திருக்காமல் போனால் தேவலை என்று நினைப்பதும், சாவதற்குத் திட்டமிடுவதும் ஒன்றல்ல. மிகவும் களைத்துப்போன மனம் ஓய்வு கேட்கிற விதம்கூட அப்படி இருக்கும். ஆனாலும் அதைச் சும்மா விட முடியாது. நீங்களே உங்களை இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த எண்ணம் முன்பைவிட அடிக்கடி வருகிறதா? எப்படி, எங்கே என்று எப்போதாவது யோசித்தீர்களா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். எதிர் அறையில் ஓர் ஆந்திர நண்பர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவர் கதவைத் தட்டுங்கள். 112 என்ற அவசர எண்ணை அழைக்கலாம்; அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு நேரே போகலாம். யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் 0800 1110111 என்ற தொலைபேசி உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் ஜெர்மன் மொழிதான். ஆங்கிலத்தில் பேச முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டுக்கும் இல்லை என்றால் மேலே படியுங்கள். ஆனால் இந்த வாரமே அந்த நண்பரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சொன்ன அதே வரியை, அதே மாதிரி சொன்னால் போதும்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது சரியல்ல, நான் சூட்டவும் மாட்டேன். ஆனால் ருசி இல்லாமை, பிடித்த விஷயத்தில் நாட்டம் போனது, தூக்கம் குலைந்தது, கவனம் நிற்காதது, அழுகை, குற்ற உணர்ச்சி எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே, மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது தோல்வி பற்றிய பகுதி அல்ல. “இத்தனை தியானம் செய்தும் மனம் அடங்கவில்லை, என்னிடம்தான் ஏதோ கோளாறு” என்று எழுதியிருந்தீர்களே, அதுதான். தியானம் நல்ல பழக்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நீங்கள் செய்வது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரி. நிம்மதி என்று தனியாக ஒன்றைத் தேடிப் போகிறீர்கள். உங்கள் நிம்மதியைக் கெடுப்பவை பெயர் சொல்லக்கூடிய நான்கைந்து விஷயங்கள்: தூக்கம், வெளிச்சம், ஒரு பொய், ஒரு தேர்வு, ஒரு வேலை. ஒவ்வொன்றுக்கும் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது.

விசா பயம்

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயம்தான் உங்களை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் மருத்துவரோ உளவியல் சிகிச்சையாளரோ நோயாளியின் விவரத்தை அனுமதியின்றி வெளியே சொல்வது குற்றம். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 203-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ தானாகத் தகவல் போகாது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அந்த அலுவலகம் பார்ப்பது நீங்கள் மாணவராகப் பதிவாகி இருக்கிறீர்களா, செலவுக்குப் பணம் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா, படிப்பு நகர்கிறதா என்பதைத்தான்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். படிப்பு ஏன் தாமதமானது என்று நாளை அவர்கள் கேட்டால், உடல்நலம் சரியில்லை, சிகிச்சையில் இருந்தேன் என்று காட்ட மருத்துவரின் சான்று கையில் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது. எந்தக் காகிதத்துக்குப் பயப்படுகிறீர்களோ அதுதான் நாளைக்கு உதவப்போகிற காகிதம்.

எங்கே போவது? ஸ்டூடியரண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்புதானே உங்கள் விடுதியையும் மென்சா என்கிற மாணவர் உணவகத்தையும் நடத்துகிறது? அதே அமைப்பு உளவியல் ஆலோசனையும் தருகிறது. இது மாணவர்களுக்கானது, பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். மென்சாவில் இத்தனை நாள் சாப்பிட்டுவிட்டு இது தெரியாமல் இருக்கிற நம் பிள்ளைகள் நிறையப் பேர். அடுத்து, ஒரு குடும்ப மருத்துவரை, அங்கே சொல்கிற ஹவுஸ்ஆர்ட்ஸ்டை, நேரம் வாங்கிப் பாருங்கள். நீங்கள் அரசு சார்ந்த மாணவர் காப்பீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் மனநல சிகிச்சையும் அடக்கம். 116117 என்ற எண் மூலம் உளவியல் சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கலாம், யாருடைய பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை. ஆனால் முதல் சந்திப்பு கிடைப்பதுபோலத் தொடர் சிகிச்சை சீக்கிரம் கிடைக்காது. மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதனால்தான் மூன்று கதவையும் ஒரே வாரத்தில் தட்டச் சொல்கிறேன்.

மாத்திரை எழுதிக்கொடுத்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பெரும்பாலும் தூக்க மாத்திரை போலப் பழக்கமாகிவிடுபவை அல்ல. வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். நீங்களாக நிறுத்தக்கூடாது. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சம் அந்த மருத்துவர் சொல்வார்.

மதியம் எழுகிறவருக்கு டிசம்பர்

டிசம்பர் கடைசியில் உங்கள் பகுதியில் சூரியன் காலை 8 மணிக்குப் பிறகுதான் உதிக்கும், மாலை 4 மணியளவில் மறைந்துவிடும். மொத்தம் எட்டு மணி நேரம். உங்கள் ஊரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினோரு மணி நேரத்துக்கு மேல். நீங்கள் மதியம் எழுந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தால் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும். இருபத்து மூன்று வருடம் காவிரிப் பக்கத்து வெயிலில் வளர்ந்த உடம்பு இதைச் சட்டென்று ஏற்காது.

குளிர்காலத்தில் வந்து கோடையில் விலகும் மனச்சோர்வை 1984-இல் நார்மன் ரோசென்தாலும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் தனியாக விவரித்தார்கள். அதற்குச் சிகிச்சையாகக் காலையில் 10,000 லக்ஸ் பிரகாசமுள்ள விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காரச் சொல்வதுண்டு. அந்த விளக்கு அங்கே கடைகளில் கிடைக்கும், ஆனால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்; கண்ணில் கோளாறு இருப்பவர்களுக்கும், மனம் சில காலம் அளவுக்கு மீறி உற்சாகத்தில் துள்ளுகிறவர்களுக்கும் அது ஒத்துவராமல் போகலாம். வைட்டமின் டி விஷயமும் அப்படித்தான். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே வெயில் இருந்தாலும் அது உடம்பில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது. இரத்தத்தில் அளவு பார்க்கலாமா என்று கேளுங்கள். நண்பர் விழுங்குகிறார் என்று நீங்களும் விழுங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சுலபமான காரியம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரத்தை வாரத்துக்கு அரை மணி முன்னே நகர்த்துங்கள். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் வெளி வெளிச்சம் அறை விளக்கைவிடப் பலமடங்கு அதிகம். இது தியானத்துக்குப் போட்டி அல்ல. மந்திரத்தை நடந்துகொண்டே சொல்லுங்களேன், யார் தடுக்கப் போகிறார்கள்?

கிடங்கு வேலை

ஒரு கணக்குப் போட்டேன். மாணவர் அனுமதியில் இருப்பவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச் முதல் இதுதான் அளவு. நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் பொதுவாக அரை நாள் கணக்கில் வராது. நீங்கள் ஆறு மணி நேர ஷிப்ட், வாரம் நான்கு நாள். வருடம் முழுக்க இப்படியே போனால் 200 நாளைத் தாண்டிவிடும். வாரத்துக்கு 24 மணி நேரம் என்பது, பாடம் நடக்கும் காலத்தில் மாணவருக்குச் சொல்லப்படும் 20 மணி நேர வரம்புக்கும் மேல். விரிவுரை வாரங்களுக்கு வேறு மாதிரி எண்ணும் முறையும் உண்டு. அதனால் உங்கள் ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டூடியரண்டன்வெர்க்கின் சமூக ஆலோசகரிடம் போய் எண்ணிப் பார்த்துவிடுங்கள். மருத்துவரைப் பார்த்தால் விசா போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் விசாவுக்கு உண்மையான ஆபத்து இந்தக் கிடங்கில் இருக்கலாம்.

இரண்டு ஷிப்ட் குறைத்தால் பணம் குறையும், தெரியும். ஒரு மாணவருக்கு மாதம் 992 யூரோ வேண்டும் என்று ப்ளாக்டு அக்கவுண்டுக்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் எவ்வளவு துண்டு விழுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். “நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று அப்பாவிடம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத்தான் இவ்வளவும். ஆறு மாதத்துக்கு ஒரு சிறிய தொகை வீட்டிலிருந்து வருவதும், ஒரு பேப்பர் போய் இரண்டு வருடப் படிப்பே வீணாவதும், எது அப்பாவுக்குச் செலவு அதிகம்? இன்னொன்று, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேராசிரியர்களுக்கு உதவியாளராகச் செய்யும் ஹிவி வேலை அந்த 140 நாள் கணக்கில் சேராது. பகல் வேலை, துறையின் ஆட்களோடு பழக்கமும் வரும். உடனே கிடைக்காது, ஆனால் கேட்டு வையுங்கள்.

வீட்டுக்குச் சொன்ன பொய்

இதைப் பற்றிக் கடிதத்தில் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ முழுக் கடிதமும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது என்று பட்டது. முதல் தோல்வியை, அடுத்த முறை பாஸ் செய்துவிட்டுச் சொல்லலாம் என்று மறைத்தீர்கள். இரண்டாவது வந்ததும் இரண்டையும் மறைக்க வேண்டியதாயிற்று. இப்போது தினமும் பத்து நிமிடம் ஒரு வேடம் போட வேண்டியிருக்கிறது. போனை வைத்ததும் வரும் அழுகைக்கு ஊர் ஏக்கம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் அதுவும் இருக்கலாம். ஆனால் அம்மாவைப் பார்த்து முடித்த உடனே அழுகை வருகிறது என்றால், அந்தப் பத்து நிமிடமும் உங்களை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வலி. அவர்கள் பார்த்தது, எல்லாப் பேப்பரும் பாஸான ஒரு பையனை.

“சொன்னால் அப்பா உடைந்துபோவார்” என்கிறீர்கள். உரக்கடை வைத்திருப்பவர் அவர். மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருடம், கடன் வாங்கிப் போனவர்கள் கண்ணில் படாமல் நடந்த வருடம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் உங்களை வளர்த்திருப்பார். ஒரு பேப்பர் போனதைக் கேட்டு வருத்தப்படுவார், ஒருவேளை கத்துவார். இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். இல்லை என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் பிப்ரவரிக்குப் பிறகு எல்லாம் முடிந்த பின்னால், மூன்றையும் சேர்த்து வேறு யார் மூலமாகவோ தெரிய வந்தால், அப்போது அவரைக் கலங்கடிப்பது தேர்வு முடிவாக இருக்காது.

எப்படிச் சொல்வது? பஸ்ஸிலிருந்து வேண்டாம். குளிர்காலத்தில் நமக்கும் அங்கேக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் வேலைக்குக் கிளம்பும் ஐந்து மணிக்கு அம்மா தூக்கத்தில் சொக்கிக்கொண்டிருப்பார். ஞாயிறு காலை உங்களுக்குப் பத்து மணி என்றால் அவர்களுக்கு மதியம் இரண்டரை. கடை அடைத்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம். வங்கிக்கு அப்பாவோடு அலைந்த மாமாவிடம் முதலில் சொல்லி அவரை விட்டுச் சொல்லச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மகன் தோற்றதைவிட, அது மச்சானுக்கு முதலில் தெரிந்தது என்பது அவருக்கு அதிகம் வலிக்கும். மாமாவை அன்றைக்கு வீட்டில் இருக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். “அப்பா, ஒரு பேப்பரில் ரெண்டு தடவை ஃபெயில் ஆகிட்டேன். பயத்துல உங்ககிட்ட மறைச்சிட்டேன். பிப்ரவரியில கடைசி தடவை எழுதணும். எனக்கு உடம்பும் மனசும் சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போறேன். என்ன செய்யலாம்னு யோசிச்சு வச்சிருக்கேன்.” இவ்வளவுதான். பிறகு அவர் பேசட்டும். அந்தத் தூக்கத்து எண்ணத்தை அம்மாவிடம் முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டியதில்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து அவரால் எதுவும் செய்ய முடியாமல் தவிப்பார். அதை நண்பரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். உங்கள் பெற்றோருக்கே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற, இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், இலவசம்.

பிப்ரவரித் தேர்வு

“மூன்றாவது முறையும் போனால் ஜெர்மனியை விட்டே அனுப்பிவிடுவார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பேப்பரில் அனுமதிக்கப்பட்ட கடைசி முயற்சியும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்து பெயர் நீக்கப்படும். அதே படிப்பை வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக முடியாது. வேறு படிப்புக்கு மாறலாம், ஆனால் அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். ஆக இந்த முயற்சி விலைமதிப்புள்ளது. பாதி தூங்கிப் பாதி அழுதபடி போய் உட்காரக்கூடாது.

உங்கள் துறையின் தேர்வு விதிமுறையை எடுத்து, தேர்வு அலுவலகத்தில் போய் நான்கு விஷயம் கேளுங்கள். பதிவை எந்தத் தேதி வரை ரத்து செய்யலாம்? ரத்து செய்தால் அடுத்த வாய்ப்பு எப்போது, அதற்குள் எழுதியே ஆக வேண்டும் என்ற காலக்கெடு இருக்கிறதா? உடல்நலம் காரணமாக விலகினால் மருத்துவச் சான்றை எத்தனை நாளுக்குள், எந்தப் படிவத்தில் தர வேண்டும்? ஒரு செமஸ்டர் விடுப்பு எடுக்க வழி என்ன? சொல்லாமல் கொள்ளாமல் தேர்வுக்குப் போகாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், அதைத் தோல்வியாகவே எழுதிவிடுவார்கள்.

விடுப்பு செமஸ்டர் பற்றிச் சுருக்கமாக: நோய் காரணமாக எடுக்க இடம் உண்டு, எடுத்தால் உடனே நாட்டைவிட்டு அனுப்பிவிட மாட்டார்கள். ஆனால் பொதுவாகச் செமஸ்டர் தொடங்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், அந்தக் காலத்தில் வேலை செய்வதிலும் தேர்வு எழுதுவதிலும் கட்டுப்பாடு வரலாம். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தையும் வெளிநாட்டவர் அலுவலகத்தையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் செய்யவில்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். திருத்திய விடைத்தாளைப் போய்ப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கென்று ஒரு நாள் அறிவிப்பார்கள். இரண்டு முறையும் போகாமல் விட்டிருந்தால், எங்கே மதிப்பெண் போனது என்றே தெரியாமல் மூன்றாவது முறைக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பேராசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய், பழைய தாளைப் பார்க்க இன்னும் முடியுமா என்று கேளுங்கள். நம் ஊர்க் கல்லூரியில் ஃபெயிலான மாணவன் வாத்தியார் கண்ணில் படாமல் நடப்பான். அங்கே கேள்வியோடு வருகிறவனை யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. நான்கு செமஸ்டர் மாஸ்டர்ஸை ஐந்து, ஆறு செமஸ்டரில் முடிப்பவர்கள் ஜெர்மன் மாணவர்களிலேயே நிறைய.

கடன் நீளுமே என்கிறீர்களா? நீளும், வட்டியும் ஏறும். பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பு குறித்த காலத்தில் முடியாவிட்டால் நீட்டிப்புக் கேட்க வழி இருக்கிறது. அப்பா கிளைக்குப் போய் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கும் அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், பாருங்கள்.

திரும்பி வருவது

கோழைத்தனம் இல்லை. படிப்பு ஒத்துவராமல், உடம்பு ஒத்துவராமல் திரும்பி வந்து இங்கே நன்றாக இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பனியில் நின்று எடுத்த படம் போடுகிறவர்கள்தான் நம் கண்ணில் படுகிறார்கள். உங்கள் பக்கத்திலும் பனிப் படம் இருக்குமே, அதைப் பார்த்து ஊரில் எத்தனை பேர் உங்களைச் சந்தோஷமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்!

ஆனால் இப்போது முடிவெடுக்காதீர்கள். நவம்பர் இருட்டில், தூக்கமில்லாமல், வீட்டுக்குத் தெரியாமல் எடுக்கிற எந்த முடிவும், போவதானாலும் இருப்பதானாலும், உங்கள் முடிவாக இருக்காது. சிகிச்சை தொடங்கி, அப்பாவிடம் பேசி, தேர்வு விஷயம் தெளிவான பிறகு, ஏப்ரல் மேயில் யோசியுங்கள். அப்போதும் திரும்ப வேண்டும் என்று தோன்றினால், முடித்த பாடங்களின் மதிப்பெண் சான்று, கடனை அடைக்க ஒரு திட்டம், இங்கே என்ன வேலை தேடுவது என்ற யோசனை ஆகியவற்றோடு திரும்பலாம். ஆனால் நடுராத்திரியில் டிக்கெட் போடாதீர்கள்.

அதுவரை தனியாக இருக்கும் நேரத்தைக் குறைக்கப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் எதிர் அறை நண்பரோடு சேர்ந்து சமையுங்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் குறைந்த கட்டணத்தில் பேட்மின்டன், வாலிபால் எல்லாம் இருக்கும், பெயர் கொடுங்கள். மனம் வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். கோயிலுக்குப் போனால் மனம் லேசாகும் என்று எழுதியிருந்தீர்கள். பெர்லினில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. மேற்கே ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில், ஈழத் தமிழர்கள் கட்டியது. போரில் வீடு வாசலை விட்டு, திரும்பிப் போக ஊரே இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். நேர்த்திக்கடனுக்காக மட்டும் போகாமல், அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி மௌன முகாம் இப்போது வேண்டாம். சாக்சனியிலேயே ட்ரீபெல் என்ற ஊரில் விபாசனா மையம் இருக்கிறது, அதைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பத்து நாள் பேச்சில்லை, போனை ஒப்படைத்துவிட வேண்டும், நாளெல்லாம் உட்கார வேண்டும். நல்ல நிலையில் இருப்பவருக்கே கடினமான பயிற்சி. உங்களுக்கு வருகிற எண்ணங்களோடு, பேச ஆளில்லாமல் பத்து நாள் இருப்பது ஆபத்து. விண்ணப்பப் படிவத்திலேயே மனநலம் பற்றிக் கேட்பார்கள். இடம் கிடைக்க வேண்டும் என்று அங்கேயும் மறைத்துவிடாதீர்கள். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, கோடை விடுமுறையில் போய்க்கொள்ளலாம்.

திங்கட்கிழமை காலை ஸ்டூடியரண்டன்வெர்க்குக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கு முந்தைய ஞாயிறு அப்பாவிடம் பேசிவிட்டால் நல்லது. முடியாமல் போனாலும் மின்னஞ்சலைத் தள்ளிப்போடாதீர்கள். தேர்வு அலுவலகம் என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள்.